எண்ணெய்ப் பலகையில ஒரு நடை

கழட்டுங்க சார், அது வேண்டாம். உங்க ஷூ நல்ல ஷூதான், யாரு இல்லைன்னா? குனிஞ்சா அதுல முகம் பாத்துத் தலை வாரிக்கலாம் போல இருக்கு. ஆனா இந்தப் பலகையில ஏறணும்னா லேப்ல குடுக்கற பூட்ஸுதான். எல்லாரு கால்லயும் ஒரே அடிப்பாகம் இருந்தாத்தானே தரைக்கு மார்க் போட முடியும்? இல்லேன்னா செருப்புக்கடைக்காரனுக்குல்ல மார்க் போட்டதா ஆயிடும். இந்தாங்க, இது உங்களுக்குச் சரியா இருக்கும். விரல் முட்டுதா? முட்டலைன்னா சரி. குனியாதீங்க, வயிறு பிடிக்குது பாருங்க, நானே கட்டிவிடறேன். இதுல என்ன கூச்சம். என் மேல புகார் குடுத்த ஆளுங்கறதுக்காக ஒரு முடிச்சைக் குறைச்சுப் போடற புத்தி எனக்கு இல்ல. ரெண்டு முடிச்சாவே போடறேன்.

புகாரை நான் படிக்கலை. இன்ஜினியரம்மாதான் படிச்சுக் காட்டினாங்க. அதோ, சுவிட்ச் பக்கத்துல நிக்கறாங்களே, அவங்கதான், இந்த லேப்புக்கே பெரியவங்க. நடக்கற பெண்மணிக்கு வயசாயிடுச்சு, முழங்கால்ல தெம்பு இல்ல, பயந்து பயந்து கால் வைக்கறாங்க, வழுக்கினது அவங்க காலுதானே தவிர எங்க டைல்ஸ் இல்ல, அவங்களை எடுத்துட்டு வேற ஆளை ஏத்தி நடக்க வைக்கணும். இதானே எழுதியிருந்தீங்க? இல்ல இல்ல, மழுப்பாதீங்க. எழுதினதை எழுதினேன்னு சொல்றவங்களை எனக்குப் பிடிக்கும். பெண்மணின்னு மரியாதையாப் போட்டீங்களே, அதுக்கு ஒரு நன்றி. என் வீட்டுக்காரரு இத்தனை வருஷத்துல ஒருதடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்ல.

அவரு என்ன சொன்னாரு தெரியுமா? எழுதினா எழுதிட்டுப் போறான், உனக்கென்ன, பேசாம இருன்னாரு. அவருக்கு எல்லாத்துக்கும் மருந்து பேசாம இருக்கறதுதான். பல்லு வலிச்சாக்கூடப் பேசாம இருப்பாரு. என்னால முடியலை. கையைத் தூக்குங்க. இந்த பெல்ட்டு தோள்ல வரும், இந்த வாரு தொடைக்கு நடுவுல வரும், அதை நீங்களே இழுத்து மாட்டிக்கங்க, நான் அந்தப் பக்கம் பாக்கறேன். ஆச்சா? முதுகுல இருக்கற கொக்கிக்கு மேலருந்து கயிறு வருது பாருங்க. வழுக்கினா கீழ போயி அடிபட மாட்டீங்க, தொங்குவீங்க, அவ்வளவுதான். தொங்கறது பாக்க நல்லா இருக்காது. வலிக்காது.

ஆமா, தினமும் இதான் வேலை. வெளில யாராச்சும் கேட்டா வழுக்கி விழற வேலைன்னுதான் சொல்லுவேன். என் மாமியாரு ரொம்ப நாள் நம்பவே இல்ல. விழறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க, நம்ம வீட்டு பாத்ரூம்ல ஓசியிலயே விழலாமேன்னாங்க. டைல்ஸ் கம்பெனிக்காரங்க சாம்பிள் அனுப்புவாங்க. அதைப் பலகையில பதிச்சு, மேல வண்டிக்கு ஊத்தற இன்ஜின் ஆயிலைத் தடவி, நாங்க ஏறி நடப்போம். நடக்க நடக்கப் பலகையை ஒரு பக்கம் தூக்கிச் சரிச்சுக்கிட்டே போவாங்க. எந்தச் சரிவுல காலு போகுதோ அதான் அந்த டைல்ஸோட மார்க்கு. எவ்வளவு சரிவு தாங்குதோ அவ்வளவு நல்ல டைல்ஸு. பெரிய சமையல்கட்டுன்னா இருபத்தேழு டிகிரி தாண்டணும். அங்க எண்ணெய் சிந்தும், தண்ணி சிந்தும், கொழுப்பு உறைஞ்சு கிடக்கும். யாரும் தொடைச்சு வெச்சுட்டு நடக்கப்போறதில்ல.

இன்ஜினியரம்மா சொன்னதைக் கேட்டீங்கல்ல? நீங்க கம்பெனி ஆளு, நீங்க நடக்கறது எந்த ரிப்போர்ட்லயும் ஏறாது. இது நமக்குள்ள ஒரு பந்தயம். நீங்க இருபத்தேழைத் தாண்டிட்டீங்கன்னா, கோளாறு என் கால்லதான்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். வேற ஆளை ஏத்தி நடக்க விட்டுக்கங்க, இந்தப் பலகைப் பக்கம் நான் தலைவெச்சுப் படுக்க மாட்டேன். தாண்டலைன்னா நீங்க புகாரை வாபஸ் வாங்கணும், அந்த டைல்ஸு ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்குப் போகக்கூடாது. ஆபீஸ் ரூமுக்குப் போடுங்க, கடைக்குப் போடுங்க, உங்க மாமனாரு வீட்டு ஹாலுக்குப் போடுங்க, நான் கேக்க மாட்டேன். சரின்னு தலையாட்டினீங்க. அம்மா பாத்தாங்க, நெட்டையும் பாத்தான்.

நெட்டைங்கறது இதோ, பிரஷ்ஷை வெச்சு ஆயில் தடவறானே, அவன்தான். என்கூட நடக்கற இன்னொரு ஆளு. ஒரு டைல்ஸுக்கு ரெண்டு பேரு நடக்கணும், ரெண்டு பேரு மார்க்கையும் கூட்டி சராசரி எடுப்பாங்க. உங்க டைல்ஸுக்கு அவன் காலு இருபத்தெட்டு சொல்லுச்சு, என் காலு இருபத்திநாலு சொல்லுச்சு. சராசரி இருபத்தாறு, தோத்துப்போச்சு. ஒரே ஒரு டிகிரியில. அந்தக் கோவம் எனக்குப் புரியாம இல்ல. பாஸ் போட்ட காலை விட்டுட்டு ஃபெயில் போட்ட காலைத்தான் பிடிப்பீங்க. பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தானே, பாஸ் போட்ட வாத்தியாரை எவனாச்சும் சந்தேகப்பட்டிருக்கானா?

ஏறுங்க. பாத்து, ஓரத்துல கால் வெக்காதீங்க. முகம் கீழ்ப்பக்கம் பாக்கணும், சரிவைப் பாத்து நிக்கணும், அப்படித்தான். முன்னாடி அரை எட்டு, பின்னாடி அரை எட்டு, போயிப் போயி வந்துக்கிட்டே இருங்க. திரும்பக்கூடாது. நிமிந்து நில்லுங்க. கை ரெண்டும் தொங்கட்டும். பக்கத்துக் கம்பியைப் பிடிச்சீங்கன்னா அந்த இடத்துலயே ஆட்டம் முடிஞ்சுது. அம்மா, ஏத்துங்க.

நல்லா நடக்கறீங்க. மெய்யாத்தான் சொல்றேன். பத்து டிகிரி வரைக்கும் எல்லாருமே ராஜாதான்.

எனக்கு எங்க சுட்டுச்சுன்னு சொல்றேன் கேளுங்க. உலகத்துல யாரு வழுக்கி விழுந்தாலும் முதல் கேள்வி என்ன? கண்ணு எங்க போச்சுங்கறதுதான். செருப்பைக் கேப்பாங்க, வயசைக் கேப்பாங்க, ராத்திரி தூங்கினியான்னு கேப்பாங்க. இடுப்பொடிஞ்சு கிடக்கறவளே நான்தான் கவனிக்கலைன்னு சொல்லுவா. தரையை யாரும் ஒரு வார்த்தை கேக்கறதில்ல. தரையை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறதுக்குன்னே இருக்கற இடம் இது. இங்கயும் வந்து காலைத்தான் குத்தம் சொல்லுவேன்னா, அப்புறம் இந்தப் பலகை எதுக்கு, கயிறு எதுக்கு, நான் எதுக்கு?

முழங்காலாம். தினமும் காலையில வந்ததும் எங்களுக்கு முதல் வேலை என்ன தெரியுமா? எந்தச் சரிவுல வழுக்கும்னு ஏற்கெனவே தெரிஞ்ச டைல்ஸ் பதிச்ச பலகைங்க இருக்கு. அதுல நடந்து, எங்க காலு சரியாச் சொல்லுதான்னு பாத்துட்டுத்தான் வெளியாளு சாம்பிளைத் தொடுவோம். தராசை எடைக்கல் வெச்சுச் சோதிக்கற மாதிரி. உங்க டைல்ஸ் ஏறின அன்னிக்கு என் காலு கனகச்சிதம். நெட்டை காலு கொஞ்சம் தாராளம். தப்பில்ல, விதியில விட்டுக்குடுக்கற அளவுக்குள்ளதான் இருந்துச்சு. ஆனா தாராளம். ஏன்டா, சரிதானே? பாருங்க, சிரிக்கறான்.

அவன் காலு கத்துக்கிச்சு சார். இந்த வேலையில அதான் வியாதி. வேற எந்த வேலையிலயும் கத்துக்கிட்டா நல்லது, இங்க கத்துக்கிட்டா கெட்டது. பூட்ஸுக்குள்ளயே விரலால கவ்விப் பிடிக்கறது, தொடையை இறுக்கிக்கறது, உடம்பு கனத்தை நேரா எறக்கறது, யாரும் சொல்லிக்குடுக்காமலே காலு ஒவ்வொண்ணாத் திருடி வெச்சுக்கும். அப்புறம் எந்தத் தரையும் வழுக்காது. நமக்கு வழுக்காது. நம்ம மார்க்கை நம்பி நடக்கறவங்களுக்கு வழுக்கும். இவனுக்கு ரெண்டு பிள்ளைங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், அப்பா இன்னிக்கு எத்தனை டிகிரி வரைக்கும் விழாம நின்னீங்கன்னு கேக்குதுங்களாம். எந்த அப்பனுக்குச் சின்ன நம்பர் சொல்ல மனசு வரும்? எனக்கு ஒரே மக. அவ கேக்கறதெல்லாம், ஆயில் நாத்தத்தோட என் கட்டில்ல உக்காராதேம்மாங்கறதுதான்.

நான் என் காலைக் கத்துக்க விடமாட்டேன். ஒவ்வொரு டைல்ஸுக்கு அப்புறமும் வெளில போயி, வண்டி நிறுத்தற இடத்துல சும்மா ஒரு சுத்து நடந்துட்டு வருவேன். காலுக்கு மறதி வரணும். பலகையில ஏறினா குனிஞ்சு பாக்கவே மாட்டேன். அம்மாகிட்ட ஏதாவது வாயடிச்சுக்கிட்டே நடப்பேன். அன்னிக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலஞ்சு பேரு நின்னு பாத்தீங்க. எது யாரு டைல்ஸு, எங்க போகுதுன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க, சாம்பிள் மேல வெறும் நம்பர்தான் இருக்கும். நீங்க பாத்திருப்பீங்க, இந்தம்மா எங்கயோ பாத்துக்கிட்டு முணுமுணுங்கறாளே, பயத்துல சாமியை வேண்டிக்கறா போலன்னு. நான் அன்னிக்குப் பேசினது என் நாத்தனாரு வாங்கின குக்கரைப் பத்தி. மூடி ஒருநாளும் சரியாப் பொருந்தினதில்ல.

இருபதா? இருபது.

என்ன, கவனத்தைக் கலைக்கறேனா? ஆமா, கலைக்கறேன். சமையல்கட்டுல எவ வாயை மூடிக்கிட்டு வேலை பாக்கறா? பாத்திரம் உருளும், யாராச்சும் கத்துவாங்க, பின்னாடிலருந்து ஒருத்தன் வழி விடுன்னுவான். காலு தன்பாட்டுக்குத்தான் போகும். சரி, உங்களுக்கு வேண்டாம்னா பேசலை.

பேசலைன்னா உங்க மூச்சு எனக்குக் கேக்குது தம்பி. கோச்சுக்காதீங்க, தம்பின்னு வாயில வந்துடுச்சு. இப்படி வேர்த்துக் கொட்டறவரை சார்னு கூப்பிட எனக்கு வரலை.

அது உங்க போன்தான், கோட்டுப் பையில அடிக்குது. நெட்டை, யாருன்னு பாரு. மாமான்னு வருதாம், உங்க மாமனாரு, கம்பெனி முதலாளி. அடிக்கட்டும், விடுங்க. ஆர்டர் முடிவாயிடுச்சு, லாரி நிக்குது, சர்டிபிகேட்டு என்னாச்சுன்னு கேப்பாரு, வேற என்ன. பாவம்தான் நீங்க. வீட்டுலயும் அவரே பெரியவரு, ஆபீஸ்லயும் அவரே பெரியவரு. சாப்பிட உக்காந்தா என்னதான் பேசுவீங்க ரெண்டு பேரும்? சிரிக்காதீங்க, சிரிச்சா காலு போயிடும். உங்க மேல எனக்கு ஒரு பகையும் இல்ல தம்பி. ஆனா மாமனாருகிட்ட நீங்க நல்ல பேரு வாங்கறதுக்கு என் காலுக்கா கெட்ட பேரு வரணும்?

இருபத்திமூணு. மெதுவா. உள்ளங்காலுக்கு அடியில ஏதோ நகந்து நகந்து போகுதா? அப்படித்தான் இருக்கும். பயமா இருந்தா பயமாவே இருக்கட்டும், அதுல ஒண்ணும் தப்பில்ல. பயமே இல்லாதவன் கையில நான் சாப்பாட்டுத் தட்டைக்கூடக் குடுக்க மாட்டேன்.

இருபத்திநாலு. இங்கதான் நான் போனேன். இதே ஓரம், இதே வலது காலு.

நிக்கறீங்க. ம், நிக்கறீங்களே. இருபத்திரெண்டுலயே போயிடுவீங்கன்னு நான் நெட்டைகிட்ட சொல்லியிருந்தேன். அதுல தோத்தேன், ஒத்துக்கறேன், எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது. குனிஞ்சு காலையே பாத்துக்கிட்டு நடக்கறீங்க, ரெண்டு கையும் காலியா இருக்கு, அதையும் சேத்துச் சொல்லிடறேன். அம்மா, நிறுத்தாதீங்க. என் மூஞ்சியை என்ன பாக்கறீங்க, ஏத்துங்க.

இருபத்தஞ்சு. நெட்டை, தள்ளி நில்லு. விரலைக் கவ்வுங்கன்னு வாயசைக்கறான் பாரு. நீ யாரு பக்கம்டா?

தம்பி, இப்ப கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது நான்தான். பொய் சொல்ல மாட்டேன். நானே நடந்தப்ப ஒருநாளும் பிடிச்சதில்ல, கீழ நின்னு பாக்கறதுதான் கொடுமை போல. இருந்தாலும் பந்தயம்னா பந்தயம். நடங்க. முன்னாடி. பின்னாடி. முன்…

போச்சு. போச்சு போச்சு. பிடிச்சுக்கிச்சு, கயிறு பிடிச்சுக்கிச்சு, காலை உதைக்காதீங்க, ராட்டினம் மாதிரி சுத்துவீங்க. ஒண்ணும் ஆகலை. மூச்சை விடுங்க. எத்தனைங்கம்மா? இருபத்தாறு. பாருங்க தம்பி, நெட்டையையும் என்னையும் கூட்டி வகுத்து வந்ததை, உங்க ஒரு ஜோடிக் காலே சொல்லிடுச்சு.

ஒரே ஒரு டிகிரிதானேவா? தொங்கிக்கிட்டே பேரம் பேசறீங்களே, உங்க மாமனாரு சரியான ஆளாத்தான் பாத்துப் பிடிச்சிருக்காரு. இப்பத்தான் நின்னுக்கிட்டிருந்தீங்க, இப்ப தொங்கிக்கிட்டிருக்கீங்க. ஒரு டிகிரிங்கறது அவ்வளவுதான். இருங்க, பலகை கீழ வந்து மட்டமானாத்தான் கொக்கியை அவுக்க முடியும். அந்த மோட்டாரு கொஞ்சம் நிதானம், எங்க வீட்டுக்காரரு மாதிரி.

என்ன சொல்றீங்க? புகாரை எடுத்துடறீங்க. சரி, சொன்ன சொல்லு மாறலை, நல்ல மனுஷன்தான். என் வேலைக்கு இனி ஒண்ணும் வராதா? அட தம்பி, வேலைக்காகவா இவ்வளவு நேரம் தொண்டை வத்தப் பேசினேன்னு நெனைச்சீங்க? இந்தப் பலகைக்கு ஒரு வயசு வரம்பு இருக்கு, அது எனக்கு இந்த மாசத்தோட முடியுது. நெட்டையும் அம்மாவும் போன வாரமே கேக் வெட்டி வழியனுப்பிட்டாங்க. நான் கடைசியா நடந்த டைல்ஸே உங்களுதுதான். நீங்க எழுதினாலும் எழுதாட்டியும் நான் போறவதான்.

ஏமாத்தலை. கேளுங்க. அன்னிக்கு நான் ஏறினப்ப அது வெறும் நம்பரு. எங்க போற டைல்ஸுன்னு எனக்கு உங்க புகார்லதான் தெரிஞ்சுது. இன்ஜினியரம்மா படிக்கறப்ப ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுன்னு காதுல விழுந்துச்சு. எந்த ஆஸ்பத்திரிம்மான்னு கேட்டேன். அதுக்கப்புறம் என் காலை என்னாலயே நம்ப முடியாது இல்லையா? மறுபடி நான் ஏறியிருந்தா, நீங்க எழுதினீங்களே பயந்து நடக்கறாங்கன்னு, அது நெசமாயிருக்கும். நெட்டையை ஏத்தினா அவன் எனக்காக வேணும்னே விழுவான். அதான் உங்க காலைக் கேட்டேன். உங்களுக்கு அந்த டைல்ஸு மேல ஆசை, என் மேல ஆசை இல்ல. இருபத்தேழைத் தாண்டியிருந்தீங்கன்னா கையெழுத்துப் போட்டிருப்பேன் தம்பி. போட்டுட்டு, அதே தரையில போயி நின்னும் இருப்பேன்.

ஆமா, அதே ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுலதான் எனக்கு அடுத்த வேலை. முதல் தேதி சேரணும். பலகைக்குத்தான் என் வயசு ஆகாது, அண்டாவுக்கு ஆகுமாம். போயி இடத்தைப் பாத்துட்டு வந்தேன், பழைய தரையைப் பேத்துப் போட்டிருக்காங்க, புதுசு இன்னும் வரலை. கொதிக்கற சூப்பை அடுப்புலருந்து எறக்கி, வார்டுக்குப் போற வண்டி வரைக்கும் தூக்கிட்டுப் போகணும். அண்டாவுக்கு ரெண்டு கைப்பிடி. ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கம் யாருன்னு இன்னும் சொல்லலை. யாரா இருந்தா என்ன, என்னை மாதிரி விழுந்து பழகினவங்களா இருக்க மாட்டாங்க.